கடைக்கு லீவா, ஆளுக்கு லீவா?

தீபாவளிக்கு முதல்நாள் ராத்திரி, மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில் அக்கா மகனுக்குச் சட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அளவு சரியாக வரவில்லை. முப்பத்திரண்டு பிடித்தது, முப்பத்துநாலு தோளில் தொங்கியது. எடுத்துப் போட்ட பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பிரித்த சட்டைகளை மடிக்க நேரமில்லாமல் மேசை ஓரத்தில் குவித்துக்கொண்டே வந்தார். சட்டையிலிருந்து உருவிய குண்டூசிகளைச் சேலைத் தலைப்பில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார். கடைசியில் முப்பத்துநாலையே எடுத்துக்கொண்டு, "நீங்க எப்பம்மா வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டேன்.

"கடைசி ஆள் எறங்குனதும் இதையெல்லாம் அடுக்கி வைக்கணும்ண்ணே. ரெண்டு, ரெண்டரை ஆயிரும். திருமங்கலம் தாண்டி ஊரு. மொத பஸ்ஸுலதான் போகணும்."

"பிள்ளைங்க?"

"ஒருத்தன் இருக்கான். அவங்க அப்பத்தா எண்ணெ வச்சு விட்டுரும். நான் போகையில வெடி போட்டு முடிச்சிருப்பான்."

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நடப்பதைச் சொன்னார். எனக்குத்தான் படியிறங்கும்போது மனசு கேட்கவில்லை. அந்த நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருக்கக் காரணமானவர்களில் நானும் ஒருவன்.

மதப் பண்டிகை நாளில் கடையை அடைக்க வேண்டுமா, திறக்கலாமா என்ற பேச்சு நம் ஊரில் அவ்வப்போது எழும். 'நாளும் கிழமையுமா என்ன வியாபாரம்' என்பார் ஒருவர். 'வியாபாரமே அன்னைக்குத்தானே' என்பார் இன்னொருவர். இரண்டு பேருமே ஷட்டரைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஷட்டருக்கு உள்ளே நிற்கிற ஆளைப் பற்றி இருவருக்கும் பேச்சில்லை. கடைக்கு விடுமுறை என்பது ஒன்று, கடையில் நிற்கிறவருக்கு விடுமுறை என்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தச் சட்டம் போட்டாலும் அது யாரோ ஒருவர் தலையில்தான் போய் விடியும். இது என் கருத்து மட்டுமல்ல. பல நாடுகளின் உச்ச நீதிமன்றங்கள் இந்த முடிச்சோடு மல்லுக்கட்டியிருக்கின்றன.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ஆன் அருண்டல் மாவட்டத்தில் ஒரு பெரிய தள்ளுபடி விற்பனைக் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விற்பனை செய்ததற்காக அங்கே வேலை பார்த்த 7 பேர் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் விற்ற பொருள்களின் பட்டியல் தீர்ப்பிலேயே இருக்கிறது: தாள் கோக்கும் ஓர் அட்டை, தரை மெழுகு ஒரு டப்பா, ஒரு ஸ்டேப்ளரும் அதற்கான பின்களும், ஒரு பொம்மை நீர்மூழ்கிக் கப்பல். அந்த ஊர்ச் சட்டப்படி ஞாயிற்றுக்கிழமையில் புகையிலை, மிட்டாய், பால், ரொட்டி, பழம், பெட்ரோல், மருந்து, செய்தித்தாள் விற்கலாம். பொம்மை விற்கக் கூடாது. ஆளுக்கு 5 டாலரும் வழக்குச் செலவும் அபராதம். வழக்கில் சிக்கியவர்கள் கவுண்டரில் நின்ற சிப்பந்திகள் என்ற இடத்தில் எனக்குப் படிப்பு நின்றுவிட்டது. ஞாயிறு அடைப்புக்கு ஓய்வுதான் காரணம் என்றால், அந்த ஓய்வு இவர்களுக்காக அல்லவா இருக்க வேண்டும்? ஓய்வும் கிடைக்காமல் அபராதமும் கட்டியிருக்கிறார்கள்.

1961 மே 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: ஞாயிறு அடைப்புச் சட்டங்கள் தேவாலயத்திலிருந்து பிறந்தவைதான். ஆனால் காலப்போக்கில் அந்த நாள் எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளாகிவிட்டது. அதனால் சட்டம் செல்லும்.

இதுவரை ஏற்கக்கூடியதாகவே தோன்றும். ஆனால் அதே நாளில் அதே நீதிமன்றம் தீர்த்த இன்னொரு வழக்கு இந்த வாதத்தின் ஓட்டையைக் காட்டிவிட்டது. ஃபிலடெல்ஃபியா நகரில் துணிமணியும் வீட்டுச் சாமான்களும் விற்றவர் ஆபிரகாம் பிரான்ஃபெல்டு. ஆசாரமான யூதர். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் கடையை அடைத்துவிட்டு மறுநாள் பொழுது சாய்ந்த பிறகுதான் அவர் வியாபாரத்தைத் தொட முடியும். அந்த இழப்பை ஞாயிற்றுக்கிழமை விற்று ஈடுகட்டிக்கொண்டிருந்தார். 1959இல் பென்சில்வேனியா மாநிலம் கொண்டுவந்த சட்டம் அவரது ஞாயிற்றுக்கிழமையையும் பறித்தது. வாரத்தில் இரண்டு நாள் அடைத்துவிட்டு எதிர்க்கடைக்காரரோடு போட்டி போட முடியாது, தொழிலையே விட வேண்டியிருக்கும் என்று அவரும் அவரைப் போன்ற மற்ற வியாபாரிகளும் முறையிட்டார்கள். சட்டம் உங்கள் மதத்தைத் தடுக்கவில்லை, அதைக் கடைப்பிடிப்பதற்கு ஆகும் செலவைத்தான் கூட்டுகிறது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மறுத்தவர்கள் 3 பேர். மதமா, பிழைப்பா என்று ஒரு மனிதனைத் தேர்ந்தெடுக்க வைப்பது கொடுமை, எந்த அரசும் அதைக் கேட்க முடியாது என்று எழுதினார் அவர்களில் ஒருவரான பாட்டர் ஸ்டூவர்ட்.

ஸ்டூவர்ட் சொன்னதுதான் சரி. காரணம் எளிது. சட்டத்தின் நோக்கம் வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்றால், பிரான்ஃபெல்டு அதைச் சனிக்கிழமையே நிறைவேற்றிவிட்டார். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை அவர் கடையை அடைத்தே ஆக வேண்டும் என்றால், சட்டம் காப்பது ஓய்வை அல்ல, ஞாயிறு என்ற நாளை. பெரும்பான்மையோரின் புனித நாளைப் 'பொது நாள்' என்று பெயர் மாற்றி மற்றவர்மேல் வைக்கும்போது, சட்டத்தில் சாமி பெயர் இருக்காது. பாரம் மட்டும் இருக்கும்.

கனடா இந்த இடத்தில் கொஞ்சம் தெளிவாக நடந்துகொண்டது. 1982 மே 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை. கால்கரி நகரில் பிக் எம் டிரக் மார்ட் என்ற கடை மளிகைச் சாமான்களும் பிளாஸ்டிக் டம்ளர்களும் ஒரு சைக்கிள் பூட்டும் விற்றதற்காக 'ஆண்டவர் நாள் சட்டம்' என்ற பழைய சட்டத்தின்கீழ் வழக்கைச் சந்தித்தது. 1985இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. கிறிஸ்தவ ஓய்வு நாளைக் கட்டாயப்படுத்துவதே அதன் நோக்கம், அது செல்லாது என்றது. மறு ஆண்டு ஒன்டாரியோ மாநிலத்தின் ஞாயிறு அடைப்புச் சட்டம் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அதை ரத்து செய்யவில்லை. அந்தச் சட்டம் சில்லறைக் கடைத் தொழிலாளர்களுக்குக் குடும்பத்தோடு இருக்க ஒரு நாள் தருவதற்காக எழுதப்பட்டது. சனிக்கிழமை அடைக்கிற சிறு கடை ஞாயிற்றுக்கிழமை திறந்துகொள்ளலாம் என்று விலக்கும் வைத்திருந்தது, ஏழு பேருக்கு மேல் வேலை செய்யாத கடையாக இருந்தால். தலைமை நீதிபதி பிரையன் டிக்சன், கடைச் சிப்பந்திகள் முதலாளியிடம் பேரம் பேசும் பலம் இல்லாதவர்கள் என்பதைத் தீர்ப்பில் எடைபோட்டுப் பார்த்திருந்தார். இரண்டு சட்டங்களும் அடைக்கச் சொன்னது ஒரே கிழமையைத்தான். ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. யாருக்காக அடைக்கிறோம் என்பதே வித்தியாசம்.

அப்படியானால் கடை எல்லா நாளும் திறந்திருக்கட்டும், அவரவர் பண்டிகைக்கு அவரவர் லீவு எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லலாமே? நானும் பல நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கலப்பாக ஆள் இருக்கும் கடைகளில் இது ஓரளவு தானாகவே நடக்கிறது. தீபாவளிக்குப் பாய் வீட்டுப் பையன் நிற்பான், ரம்ஜானுக்கு மற்றவர்கள் நிற்பார்கள். அவர்களுக்குள்ளேயே பேசி மாற்றிக்கொள்வார்கள். பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் அதற்குச் சூப்பர்வைசர் மனசு வைக்க வேண்டும். கடையில் எல்லாரும் ஒரே பண்டிகைக்காரர்களாக இருந்தால் மாற்றிக்கொள்ள ஆளே கிடையாது. திறந்திருக்கும் கடையில் 'நான் வரவில்லை' என்று சொல்லும் உரிமை காகிதத்தில் இருக்கும், மறுமாசம் வேலை இருக்குமா என்பதுதான் தெரியாது.

ஜெர்மனி இந்தச் சிக்கலை வேறு முனையில் பிடித்தது. ஞாயிறும் அங்கீகரிக்கப்பட்ட பண்டிகை நாள்களும் வேலையிலிருந்து ஓய்வெடுக்கவும் மனம் உயரவும் உரிய நாள்கள் என்று 1919ஆம் ஆண்டு வைமர் அரசியல் சட்டத்தின் 139ஆம் பிரிவு சொன்னது. 1949இல் புதிய அரசியல் சட்டம் எழுதியபோது அந்தப் பிரிவை அப்படியே எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் பெர்லின் மாநிலம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய 4 ஞாயிறுகளிலும் பிற்பகல் 1 மணி முதல் 8 மணி வரை கடை திறக்கலாம் என்று சட்டம் போட்டது. தேவாலயங்கள் வழக்குக்குப் போயின. 2009 டிசம்பர் 1 அன்று அரசியல் சட்ட நீதிமன்றம், தொடர்ந்து நான்கு ஞாயிறும் திறப்பது செல்லாது என்றது. வியாபாரம் பெருக வேண்டும், வாங்குகிறவருக்கு ஆசை இருக்கிறது என்பவை மட்டும் போதுமான காரணமாகாது என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. இந்த விஷயத்தில் அங்கே தேவாலயமும் தொழிற்சங்கமும் ஒரே அணியில் நிற்கின்றன. ஒருவருக்கு வழிபாடு, ஒருவருக்கு ஓய்வு, நாள் ஒன்றுதான்.

ஜெர்மனியின் கடையடைப்புச் சட்டத்தில் இன்னொரு சிறிய விதி உண்டு. அதைப் படித்தபோது விளக்குத்தூண் பெண்ணின் முகம்தான் நினைவுக்கு வந்தது. டிசம்பர் 24 வேலைநாளாக இருந்தால் பிற்பகல் 2 மணிக்குக் கடைகளை அடைத்துவிட வேண்டும் என்றது 1956ஆம் ஆண்டுச் சட்டம். பண்டிகை 25ஆம் தேதி. சட்டம் பார்த்ததோ 24ஆம் தேதி மத்தியானத்தை. வீடு போய்ச் சேர்ந்து, மரத்தை அலங்கரித்து, சமைத்து, பிள்ளைகளோடு உட்காரும் நேரம் முதல்நாள் மாலையில்தான் இருக்கிறது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். போலந்தில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே கிறிஸ்துமஸின் முக்கியமான விருந்தே 24ஆம் தேதி மாலை, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் தொடங்கும். 'சொலிடாரிட்டி' தொழிற்சங்கம் முன்னெடுத்த சட்டத்தால் 2018 மார்ச் முதல் ஞாயிறு விற்பனை படிப்படியாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 2025 முதல் டிசம்பர் 24ஆம் தேதியே முழுப் பொது விடுமுறை. அந்த ஞாயிறு விற்பனைச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விலக்கு இருக்கிறது. முதலாளி தானே கவுண்டரில் நின்று விற்பதென்றால் ஞாயிற்றுக்கிழமையும் திறக்கலாம். சம்பளத்துக்கு ஆளை நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். சட்டம் ஷட்டரை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறது.

இங்கிலாந்தில் வழி வேறு. 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஈஸ்டர் ஞாயிறும் கிறிஸ்துமஸும் திறக்கக் கூடாது. சிறிய கடைகளுக்குத் தடை இல்லை. லண்டனில் ஈழத் தமிழர்கள் நடத்தும் மூலைக்கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறந்திருப்பதற்குச் சட்டம் இடம் தருவது இப்படித்தான். அங்கேயும் பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருப்பது முதலாளியோ அவர் வீட்டு ஆளோதான்.

இவையெல்லாம் ஞாயிறு பெரும்பான்மையோரின் நாளாக இருக்கும் நாடுகள். பெரும்பான்மை வேறொரு நாளைத் தனது என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை இலங்கை அனுபவித்தே பார்த்தது. ஞாயிறு விடுமுறை வெள்ளைக்காரன் விட்டுப்போனது, பௌத்த நாட்டுக்குப் போயாதான் விடுமுறை நாள் என்ற கோரிக்கையை ஏற்று, டட்லி சேனநாயக்கவின் அரசு 1966இல் வார விடுமுறையையே மாற்றியது. அமாவாசை, வளர்பிறை எட்டாம் நாள், பௌர்ணமி, தேய்பிறை எட்டாம் நாள் ஆகிய நான்கு போயா நாள்களும் விடுமுறை. ஞாயிறு வேலைநாள். சந்திரன் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது இருபத்தொன்பதரை நாள். அதை நான்கால் வகுத்தால் ஏழு நாள் சரியாக வராது. ஆகவே ஒரு வாரம் 7 நாளில் முடியும், அடுத்தது 8 நாளுக்கு நீளும். விடுமுறை ஒருமுறை செவ்வாயில் விழும், மறுமுறை புதனில். கொழும்பு திறந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை லண்டன் அடைத்திருக்கும். லண்டன் வியாபாரம் பார்க்கும் நாளில் கொழும்பு போயாவுக்கு அடைத்திருக்கும். கிறிஸ்தவர்களுக்குப் பூசை நாள் வேலைநாளாகிவிட்டது. 1971இல் ஞாயிறு திரும்பியது. பௌர்ணமி போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

அந்தப் பௌர்ணமி நாளில் இன்றைக்கும் இரண்டு விதிகள் சேர்ந்தே இயங்குகின்றன. சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் திறக்கக் கூடாது என்பது ஒன்று. யாழ்ப்பாணத்து இந்துவானாலும், மன்னார்க் கத்தோலிக்கரானாலும், காத்தான்குடி முஸ்லிமானாலும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். கடையிலோ அலுவலகத்திலோ அன்று வேலை செய்கிறவருக்கு நாள் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது மற்றது. வேலை செய்கிறவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அது சேரும். ஒரே நாள், ஒரே நிலா. முதல் விதி ஒரு மதத்தின் ஒழுக்கத்தை எல்லார்மேலும் வைக்கிறது. இரண்டாவது, ஒரு மதத்தின் நாளால் வரும் நன்மையை எல்லாருக்கும் பகிர்கிறது. இரண்டில் எது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதல் வகை விதிக்கு நம் ஊரிலும் குறைவில்லை. மகாவீரர் ஜெயந்தி, வள்ளலார் நினைவாகத் தைப்பூசம் என்று சில நாள்களில் இறைச்சிக் கடைகளை அடைக்கச் சொல்லி ஆண்டுதோறும் அறிவிப்பு வரும். அவை ஞாயிற்றுக்கிழமையில் விழும்போதுதான் அடி. 2023 தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிறு. 2024 மகாவீரர் ஜெயந்தி ஏப்ரல் 21, அதுவும் ஞாயிறு. கறிக்கடைக்காரருக்கு வாரத்தின் வியாபாரமே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அன்று அடைத்தால் வெட்டுக்காரருக்கும், தோல் எடுக்க வருகிறவருக்கும், கூடமாட நிற்கும் பையனுக்கும் கூலி கிடையாது. அந்த அறிவிப்பால் யாருக்கும் சம்பளத்தோடு ஓய்வு கிடைப்பதில்லை. வள்ளலாரின் ஜீவகாருண்யத்தின் முன் நான் கைகூப்பி நிற்பவன். 1867இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. பசித்தவனுக்குச் சோறு போட்டுக் காட்டிய அந்த வழியில், ஒருநாள் கூலியை இழக்கும் கறிக்கடைப் பையனின் பசிக்கும் இடம் இருக்க வேண்டும்.

நம் நாட்டு உச்ச நீதிமன்றம் இதை வேறு விதமாகப் பார்த்தது. சமணர்களின் பரியூஷண நாள்களை ஒட்டி 9 நாள் இறைச்சிக் கூடங்களை அடைக்க அகமதாபாத் மாநகராட்சி போட்ட உத்தரவு, குறுகிய காலத்துக்கானது என்பதால் நியாயமான கட்டுப்பாடுதான் என்று 2008இல் சொல்லிவிட்டது. தீர்ப்பில் அக்பரின் சகிப்புத்தன்மையும் பேசப்பட்டது. அடுத்தவர் உணர்வை மதிப்பது உயர்ந்த குணம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அக்பர் தன் தட்டில் கறியைக் குறைத்துக்கொண்டவர். அடுத்தவர் கூலியைக் குறைப்பது அதோடு சேராது.

இந்த இடத்தில் நம் மாநிலத்தின் இரண்டு பழைய சட்டங்களைப் பாராட்டாமல் போக முடியாது. நாடு விடுதலை பெற்ற 1947இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒருநாள் முழுக்க அடைத்திருக்க வேண்டும் என்றது. எந்த நாள் என்று சொல்லவில்லை. கடைக்காரரே ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, எல்லார் கண்ணிலும் படும்படி எழுதி மாட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் மாற்றக் கூடாது. ஞாயிறு என்று எழுதி வைத்திருந்த வெள்ளைக்காரன் அப்போதுதான் கிளம்பியிருந்தான். அந்த இடத்தில் வேறு எந்தக் கிழமையையும் உட்கார வைக்காமல் காலியாக விட்டது பெரிய காரியம். முடிதிருத்தும் கடை செவ்வாய்க்கிழமை அடைத்திருப்பதும், வெள்ளிக்கிழமையை விடுமுறையாக வைத்துக்கொள்கிற கடை இருப்பதும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. பிரான்ஃபெல்டு மதுரையில் கடை வைத்திருந்தால் சனிக்கிழமை என்று ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

அடுத்தது 1958ஆம் ஆண்டின் தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாளும், அவற்றோடு 5 பண்டிகை நாளும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்து எவை என்று சட்டம் பெயர் சொல்லாது. முதலாளியையும் தொழிலாளர்களையும் கலந்துகொண்டு ஆய்வாளர் முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது அந்த நாள் சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை. கவனித்தால், இந்தச் சட்டம் கடையை அடைக்கச் சொல்லவே இல்லை. ஆளுக்கு நாளைக் கொடு, முடியாவிட்டால் அதன் விலையைக் கொடு என்கிறது. பிறநாட்டு நீதிமன்றங்கள் 1961இலும் 1986இலும் தேடி அலைந்த இடத்துக்கு இது முன்கூட்டியே வந்து சேர்ந்திருக்கிறது.

பிறகு ஏன் திருமங்கலம் தாண்டி வீடு வைத்திருக்கும் அந்தத் தாய்க்குத் தீபாவளி கிடைக்கவில்லை?

கலந்து பேச வேண்டும் என்ற விதி, பேச வாய் உள்ளவர்களுக்குத்தான் உதவும். ஆலையில் சங்கம் இருக்கிறது, பேசுகிறது. ஜவுளிக்கடையில் 5 பண்டிகைப் பட்டியல் எப்போது தயாரானது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று கேட்டால் பல இடங்களில் சிப்பந்திகளுக்குத் தெரியாது. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்பதற்கே 2021 வரை காத்திருந்து சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. 2019 மே மாத அரசாணை, 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வழிவிட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டும் வருகிறது. சுழற்சி முறையில் வார விடுமுறை, நாளைக்கு 8 மணி நேர வேலை என்று நிபந்தனைகள் அதில் உண்டு. பண்டிகைக்கு முந்தைய ராத்திரிகளில் அந்த நிபந்தனைகளை யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய காரணம், நம் பண்டிகைகள் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பது நான்கு மணிக்கு. கிறிஸ்துமஸுக்கு நள்ளிரவுத் திருப்பலி. பிறை தெரிந்தால் ரம்ஜான் வேலைகள் அந்த ராத்திரியே ஆரம்பம். பொங்கல் வைக்கிறவர் போகி ராத்திரி வீடு மெழுகிக் கோலம் போட்டாக வேண்டும். பகலில் கொடுக்கும் லீவு, தூங்கி எழுவதற்குள் தீர்ந்துவிடும். ஆகவே நான் கேட்பது பண்டிகை நாளை அல்ல, முதல்நாள் ராத்திரியை. ஆண்டுக்கு இந்த 4 ராத்திரி மட்டும், ராத்திரி 9 மணிக்கு மேல் சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை எதுவும் திறந்திருக்கக் கூடாது. மருந்துக்கடைக்கு விலக்கு. தானே நின்று விற்கிறவருக்கும் விலக்கு, போலந்தைப் போல. விளக்குத்தூண் நடைபாதையில் தார்ப்பாய் விரித்து, வட்டிக்கு வாங்கிய பணத்தில் சரக்குப் போட்டிருக்கும் வியாபாரிக்கு அந்த ராத்திரிதான் ஆண்டு வருமானம். அவரைத் தொடக் கூடாது.

ஒரு கடை மட்டும் நல்ல மனசோடு ஒன்பது மணிக்கு அடைத்தால் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விடும். முதலாளிகள் சொல்லும் இந்த வாதம் உண்மையானது. அதனால்தான் எல்லாருக்கும் பொதுவான நேரம் வேண்டும் என்கிறேன். சேர்ந்து அடைப்பது அவர்களுக்குப் புதிதும் அல்ல. ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்துக்கு ஊர் ஊராகக் கடைகளை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறார்கள். தங்கள் உரிமைக்காக ஒருநாள் அடைக்க முடிந்தவர்கள், தங்களிடம் வேலை பார்ப்பவர்களுக்காகச் சில மணி நேரம் அடைக்க முடியும்.

'கடைசி நேரத்தில்தானே ஜனம் வருகிறது' என்ற வாதமும் உண்மை. யார் அந்த ஜனம் என்று பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குச் சட்டை எடுக்க வந்த நான் வேடிக்கைக்கு வரவில்லை. அத்தான் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் போனஸ் கொடுத்தார்கள். அவர் வீடு வந்து சேர எட்டரை. அக்காவுக்கு அதிரச மாவு அடுப்பில் இருந்தது. பணத்தை என் கையில் கொடுத்து அனுப்பினாள். அந்த மாடியில் என்னோடு முண்டியடித்தவர்களில் பாதிப் பேர் இப்படிக் கூலி கைக்கு வந்ததும் ஓடி வந்தவர்கள்தான். கணக்காண்டு முடிந்து 8 மாதத்துக்குள் போனஸ் கொடுத்தால் போதும் என்கிறது சட்டம். மார்ச் மாதம் கணக்கு முடிப்பவருக்கு நவம்பர் 30 வரை தவணை. தீபாவளிக்குப் பத்து நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும் என்று அதை மாற்றினால், ராத்திரிக் கூட்டம் பாதியாகக் குறையும். ஒரு தொழிலாளியின் தாமதமான கூலி, இன்னொரு தொழிலாளியின் தூக்கத்தில் போய் விடிகிறது.

அந்தச் சட்டை பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. அளவு மாற்ற வேண்டியிருக்குமோ என்று எடுத்து வைத்தது. தேதியும் நேரமும் அச்சாகியிருக்கின்றன: தீபாவளித் தேதி, 12 மணி 23 நிமிடம். 1947ஆம் ஆண்டுச் சட்டம் 'நாள்' என்ற சொல்லுக்கு, பொதுவாக நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரம் என்று பொருள் எழுதியிருக்கிறது. அந்தக் கணக்கை இங்கே பொருத்தினால், அந்தப் பெண் எனக்கு முப்பத்துநாலாம் அளவை எடுத்துப் போட்டது பண்டிகைக்கு முதல்நாள் அல்ல, பண்டிகையன்று. அந்தக் கடையின் 5 விடுமுறைகளில் தீபாவளி இருக்குமானால், அவருக்கு அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம் சேர வேண்டும். அதற்குச் சாட்சியாக என் கையில் ஒரு பில் இருக்கிறது. அன்று மாடியிலிருந்து இறங்கிய ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தது.